பாவாங்கும் துளைக்குழாயும்

பினாங்கு ஜார்ஜ் டவுனில் தாத்தோ கிராமாட் சாலை வழியே செல்வோர், இன்று கடைகளும் அடுக்கு மாடிகளும் எழுந்துள்ள ஓரிடத்தில், அவற்றோடு சிறிதும் ஒட்டாத பழைய கட்டடம் ஒன்று நிற்பதைக் காணலாம். அதன் பெயர் பிர்ச் ஹவுஸ். 1908-ஆம் ஆண்டில் எழுந்தது. அதைச் சூழ்ந்த நிலமெல்லாம் ஒரு காலத்தில் ஈஸ்டர்ன் ஸ்மெல்ட்டிங் கம்பெனியாருக்கு உரியதாயிருந்தது. பேராக்கிலிருந்து வந்த ஈய மணலை அங்கேதான் உலையிலிட்டு உருக்கிப் பாளம் வார்த்தனர். உலை போய்விட்டது, புகை போய்விட்டது, காரியாலயம் மட்டும் எஞ்சி நிற்கிறது. சென்ற வாரம் அவ்வழியே நடந்தபொழுது நம் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்தது. அந்த மணல் எந்த நிலத்தடியில் இருக்கிறது என்பதை, தோண்டுவதற்கு முன்னரே, மக்கள் எவ்வாறு அறிந்தனர்?

ஈயம் என்றவுடன் நம்மவர் சிலர் காரீயத்தையும் வெள்ளீயத்தையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்வதுண்டு. நாம் இங்கே பேசுவது வெள்ளீயத்தைப் பற்றி. பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசப்படுவது அதுவே. ஊரில் ரசம் வைக்கும் ஈயச்செம்பும் அதனால் ஆனதே. ஈயத்தைப் பார்த்துப் பித்தளை இளித்ததாம் என்னும் பழமொழியைச் சொல்லும் நாம், அந்த ஈயம் இல்லையேல் பித்தளைப் பாத்திரத்தில் புளி கரைக்க முடியாது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகம் பயன்படுத்திய வெள்ளீயத்தில் ஏறக்குறையப் பாதி இம்மலாயா நாட்டிலிருந்தே சென்றது. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு 1885-இல் ஓடிய இந்நாட்டு முதல் ரயில் யாருக்காகப் போடப்பட்டது? மக்கள் பிரயாணம் செய்வதற்கன்று. ஈயம் பிரயாணம் செய்வதற்கே. அந்த எட்டு மைல் பாதையை அமைக்க இலங்கையிலிருந்து பயனியர் படையினர் வருவிக்கப்பட்டனர் என்பதையும் நம் தோட்டத்துத் தோழர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். ஈயலம்பத்தில் மண்வெட்டி பிடித்தவர் பெரும்பாலும் சீனர் என்பது மெய்யே. ஆயினும் அதைச் சூழ்ந்து வளர்ந்த பாதையும் நகரமும் துறைமுகமும் நம்மவர் முதுகையும் அறியும்.

இனிக் கேள்விக்கு வருவோம்.

முற்காலத்தில் நிலத்தடியை அறிந்தவர் எனப் பெயர் பெற்றவர் பாவாங்கு. அவர் மலாய் மந்திரவாதி. ஈயச் சுரங்கத்துக்கென்றே தனிப் பாவாங்குகள் இருந்தனர். எங்கே தோண்டலாம், எந்த நாளில் தொடங்கலாம், எந்த ஆவியை எவ்வாறு சாந்தப்படுத்தலாம் என்பவற்றையெல்லாம் அவரே விதிப்பார். ஈயம் உயிருள்ளது என்றும், எருமை உருக்கொண்டு ஓரிடம் விட்டு ஓரிடம் நடந்து போகும் என்றும், தனக்குப் பிடித்தவருக்கே அகப்படும் என்றும் நம்பினர். சுரங்கத்துள் பச்சைப் பருத்தி கொண்டு போகலாகாது; கறுப்புச் சட்டை அணியலாகாது. கறுப்புச் சட்டை விஷயத்தில் பாவாங்குக்கு மட்டும் விலக்கு! விதி செய்பவர் தமக்கென்று ஒரு விலக்கு வைத்துக்கொள்வது எந்த நாட்டுக்கும் எந்தச் சமயத்துக்கும் புதிதன்று. கிந்தாவிலும் பிற இடங்களிலும் நிலவிய இவ்வழக்கங்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு உத்தியோகம் பார்த்த வெள்ளையர் சிலர் எழுதி வைத்துள்ளனர்.

இதைப் படித்து மலாய்க்காரரை நோக்கி நகைக்கலாம் என எண்ணும் தமிழர் சற்றுப் பொறுக்க வேண்டும். வெற்றிலையில் மை தடவிப் புதையல் பார்த்தவர் யார்? உள்ளங்கையில் தேங்காயைக் கிடத்தி, அது எழுந்து நின்றால் கீழே நீரோட்டம் உண்டு என்பவர் யார்? தோட்டமொன்றில் குடிநீர்க் கிணறு வெட்டுதற்கு முன் அப்படிப்பட்ட ஒருவர் வந்ததை நாமே இளமையில் கண்டிருக்கிறோம். தேங்காய் நன்றாகவே நின்றது. முப்பதடி தோண்டியும் ஊற்று வரவில்லை. வந்தவர் தட்சிணையோடு போய்விட்டார்; குழியை மூடிய கூலி மட்டும் தொழிலாளர் தலையில் விழுந்தது.

ஆனாலும் பாவாங்கிடம் ஒன்றுமே இல்லை என நாம் சொல்லத் துணியோம். மலையடிவாரம் எப்படிச் சரிகிறது, பழைய ஆறு எங்கே ஓடியிருக்கும், எந்த மணலில் கறுப்புப் பொடி மினுங்குகிறது என்பதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பழகிய கண் அவருடையது. அக்கண்ணின் அறிவை மந்திரத்தின் பேரில் விற்றதே குற்றம். அறிவை வெளிப்படையாகச் சொன்னால் மற்றவனும் கற்றுக்கொள்வான். மந்திரமென்றால் கற்க வரமாட்டான், காசு மட்டும் கொடுப்பான்.

மந்திரத்தைச் சுரங்கத்திலிருந்து வெளியேற்றியது எந்தப் பிரசங்கமும் அன்று. ஒரு இரும்புக் குழாய்.

சுமத்திராவுக்குக் கிழக்கே பாங்கா என்னும் தீவு ஒன்று உண்டு; ஈயத்துக்குப் பேர்போனது. அங்கே வேலை பார்த்த ஆக்கெரிங்கா என்னும் ஒல்லாந்தப் பொறியாளர் 1858-ஆம் ஆண்டளவில் ஒரு துளைக்கருவியை அமைத்தார். பாங்கா துளை என்று அது பெயர் பெற்றது. நாலங்குல அகலமுள்ள இரும்புக் குழாய்; அதன் அடியில் பல் வைத்த ஒரு வளையம்; தலையில் ஒரு பலகை மேடை. அந்த மேடையின்மேல் ஆட்கள் ஏறி நிற்பார்கள். கீழே நிற்போர் நீண்ட கழிகளைப் பிடித்து, செக்கு மாட்டைப் போல, குழாயைச் சுற்றுவார்கள். மேலே நிற்பவரின் பாரமும் கீழே சுற்றுபவரின் வலியும் சேர்ந்து குழாய் மண்ணுக்குள் இறங்கும். குழாய்க்குள் அகப்பட்ட மண்ணை, அடியில் கதவு வைத்த மற்றொரு சிறு குழாயை விட்டு அள்ளி எடுப்பார்கள். நீராவி வேண்டா, எண்ணெய் வேண்டா. கழற்றிச் சுமந்துகொண்டு சதுப்பு நிலத்துக்குள்ளும் போகலாம். இந்நாட்டு ஈயவயல்களின் பெரும்பகுதியும் இக்கருவியாலேயே சோதிக்கப்பட்டது.

எடுத்த மண்ணை என்ன செய்வது? டூலாங் என்னும் மரத் தட்டிலிட்டு நீரில் அலசுவார்கள். நம் பெண்கள் அரிசியில் கல் அரிப்பதைக் கண்டவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே அரிசி கல்லைவிட்டுப் பிரிகிறது, இங்கே மணல் ஈயத்தைவிட்டுப் பிரிகிறது. சாதாரண மணல் தண்ணீரைப்போல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேற்பட்ட எடையுள்ளது. ஈயக்கல்லோ ஏறக்குறைய ஏழு மடங்கு. ஆதலால் தட்டைச் சுழற்றச் சுழற்ற இலேசான மணல் விளிம்பு கடந்தோட, கறுத்த பொடி அடியில் தங்கும். சீனப் பெண்கள் ஆயிரக்கணக்கானோர் அனுமதிச் சீட்டுப் பெற்று ஆறுகளில் இதே தட்டைக்கொண்டு பிழைத்தனர். எந்த விஞ்ஞானியும் அந்தத் தட்டை விடச் சிறந்த ஒன்றை எளிதில் கண்டுபிடித்துவிடவில்லை.

தங்கிய பொடியை உலர்த்தி நிறுத்து, ஒரு கன கெஜ மண்ணுக்கு இத்தனை காத்தி எனக் கணக்கெழுதுவர். காத்தி என்பது ஒன்றேகால் ராத்தலுக்குச் சற்று மேல். கிந்தாவில் பத்துகாஜா அருகே 1913-இல் முதல் ஈயக்கப்பல் மிதந்த பிறகு, கன கெஜத்துக்கு அரைக் காத்திக்கும் குறைவான நிலமே லாபந் தரும் நிலமாயிற்று. அந்த அரைக் காத்தியை நம்பி லண்டனில் பங்குப் பத்திரம் விற்றது. ஆகவே துளை சொன்ன சொல் பெரிய சொல்லாயிற்று.

இந்த இடத்தில்தான் நாம் சற்று நின்று கணக்குப் பார்க்க வேண்டும். நாலங்குலக் குழாயின் வாய் ஏறக்குறையப் பன்னிரண்டரைச் சதுர அங்குலம். ஒரு ஏக்கர் நிலம் அறுபத்திரண்டு லட்சத்து எழுபத்திரண்டாயிரத்துச் சொச்சம் சதுர அங்குலம். ஏக்கருக்கு ஒரு துளை போட்டால், ஐந்து லட்சத்தில் ஒரு பங்கைப் பார்த்துவிட்டு மற்றப் பங்கையெல்லாம் ஊகிக்கிறோம் என்பது பொருள். ஒரு மூட்டை நெல்லில் ஒரு மணியைக் கடித்துப் பார்த்து விலை பேசுவது இதைவிட நேர்மையான வியாபாரம்!

கிந்தாப் பள்ளத்தாக்கின் அடித்தளமோ ஏமாற்றுவதில் வல்லது. அங்கே மேல்மண்ணுக்குக் கீழே கிடப்பது சுண்ணாம்புப் பாறை. மழைநீர் அதைப் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கரைத்துக் கரைத்து, கோபுரம் கோபுரமாகவும் குழி குழியாகவும் செதுக்கியிருக்கிறது. மலையிலிருந்து அரித்து வந்த ஈய மணல் அக்குழிகளில் தங்கியது. துளைக்குழாய் கோபுரத்தின் நுனியில் முட்டினால் இருபதடியில் பாறை என்று எழுதுவார்கள். பத்தடி தள்ளிப் போட்டிருந்தால் எண்பதடிக் குழி அகப்பட்டிருக்கும். இன்னொரு பிழையும் உண்டு. குழாயின் பல்லுக்குக் கீழே மண் அள்ளும் கருவி இறங்கிவிட்டால், பக்கத்து மண்ணும் சரிந்து உள்ளே வரும். கனமான ஈயப்பொடி முதலில் வரும். ஏழை நிலமும் பணக்கார நிலமாகக் கணக்கிலேறும். அதனால் குழாய் முன்னே போக வேண்டும், அள்ளுங் கருவி பின்னே போக வேண்டும் என்பது தொழிலறிந்தோர் கட்டளை. அறியாமையால் நேரும் பிழை இவ்வாறிருக்க, நிலத்தை விற்க விரும்புவோன் இரவில் வந்து ஒரு பிடி ஈயப்பொடியைத் துளையில் போட்டுவிட்டுப் போகும் மோசடியும் சுரங்கத் தொழிலில் பழையதே. பாவாங்கின் இடத்தைக் குழாய் பிடித்துக்கொண்டது. ஆனால் பொய்யன் தன் இடத்தை விட்டுப் போகவில்லை.

மண்ணை வெளியே எடுத்துப் பார்ப்பதோடு நில்லாமல், துளைக்குள்ளேயே ஒரு கருவியை இறக்கி, நிலத்தை அது இருக்கும் இடத்திலேயே வினவினால் என்ன? இந்த எண்ணம் செயலானது பிரெஞ்சு நாட்டில். கொன்ராட் ஷ்லம்பெர்ஜர், மார்செல் ஷ்லம்பெர்ஜர் என்னும் சகோதரர் இருவர், பூமிக்குள் மின்சாரத்தைச் செலுத்தி உலோகக் கற்களைத் தேடும் முயற்சியில் ஈடுபட்டிருந்தனர். 1927 செப்டம்பர் 5-ஆம் நாள், அல்சேஸ் மாகாணத்துப் பெஷெல்புரோன் எண்ணெய் வயலில், கொன்ராடின் மருமகன் ஹென்ரி டோல் தம் தோழர்களுடன் ஒரு துளைக்கிணற்றுள் மின்கம்பியை இறக்கினார். ஒவ்வொரு மீட்டருக்கும் கம்பியை நிறுத்தி, அங்குள்ள பாறை மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று அளந்து, கையினாலேயே குறித்து, புள்ளிகளைச் சேர்த்துக் கோடு வரைந்தார். களிமண் வந்த இடத்தில் தடை குறைந்தது. வேறு பாறை வந்த இடத்தில் கோடு பக்கவாட்டில் பாய்ந்தது. நாடி பார்க்கும் வைத்தியர் நரம்பின் துடிப்பைக் கொண்டு உள்ளே நடப்பதை உணர்வது போல, அந்தக் கோட்டைக் கொண்டு நிலத்தின் அடுக்குகளை உணர முடிந்தது. 1930-களின் இறுதியில் பாறைகளின் இயற்கைக் காமா கதிரை அளக்கும் கருவியும் துளைக்குள் இறங்கிற்று.

ஈயத்துக்கு இவை உதவுமா? உதவும், ஆனால் அளவோடு. பாங்கா துளையில் எப்போதும் இரும்புக் குழாய் நிற்கிறது. இரும்பே மின்சாரத்தை எளிதில் கடத்துவதால், குழாய்க்குள் இறக்கிய மின்கருவி மண்ணை அளக்காது, குழாயையே அளக்கும். காமா கதிரோ இரும்பை ஊடுருவி வரும். ஆயினும் ஈயக்கல் கதிர் வீசுவதில்லை. அதனோடு கூடிக் கிடக்கும் மோனசைட் என்னும் மஞ்சள் மணலில் தோரியம் இருக்கிறது. கதிர் வீசுவது அது. எனவே கருவி துடிக்கும்போது தோழன் இருக்கிறான் என்று அறியலாமே தவிர, ஈயம் இருக்கிறது என்று சத்தியம் செய்ய முடியாது. கருங்கல் கரைந்து வந்த களிமண்ணும் சிறிது கதிர் வீசும். சுண்ணாம்புப் பாறை வந்தால் கதிர் சட்டென்று தாழும். அடித்தளம் எங்கே தொடங்குகிறது என்பதை அறிய அது நல்ல சாட்சி. இறுதித் தீர்ப்பைச் சொல்வது அந்தப் பழைய மரத் தட்டே.

துளைக்கருவி தமிழ்நாட்டில் செய்த வேலையை ஈண்டுச் சொல்லாமல் விட மனமில்லை. தென்னார்க்காட்டு நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் நீருக்காகத் துளைக்கிணறு போட்டபொழுது, நீரோடு கறுப்பான ஒரு பொருளும் மேலே வந்தது. அது 1935-ஆம் ஆண்டளவில். சாம்பலென்றும் சேறென்றும் தள்ளிவிடாமல் அவர் அதைச் சர்க்காருக்குத் தெரிவித்தார். 1943-இலிருந்து 1946 வரை இந்திய நிலநூல் ஆராய்ச்சித் துறையார் அங்கே துளைகள் இட்டனர். மண்ணடியில் பழுப்பு நிலக்கரி பரந்து கிடப்பது தெரிந்தது. 1956-இல் நிறுவனம் அமைந்தது. 1957 மே மாதம் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் கரி கைக்கு வந்தது. இதற்கிடையில் துளைகள் மற்றொன்றையும் சொல்லியிருந்தன. கரிக்குக் கீழே பெரும் அழுத்தத்தோடு நீர் அடைபட்டுக் கிடக்கிறது. மேல்மண்ணை அகற்றினால் அந்நீர் கரியைப் பெயர்த்துக்கொண்டு வெடித்து மேலெழும். அதனால் சுரங்கத்தைச் சூழக் கிணறுகள் இட்டு, இரவும் பகலும் நீரிறைத்து அழுத்தத்தைக் குறைத்த பிறகே கரியை வெட்ட முடிந்தது. துளை நீரைக் கேட்டது, கரி கிடைத்தது. கரியைக் கேட்டனர், நீர் குறுக்கே நின்றது. நிலத்தைக் கொடுத்துவிட்டுப் போன குடிகளின் கதையும், ஊர்க் கிணறுகளின் நீர்மட்டம் பற்றிய வழக்கும் தனிக் கட்டுரைக்கு உரியவை.

மீண்டும் கிந்தாவுக்கு. 1985 அக்டோபர் 24-இல் சர்வதேச ஈயச் சபை கடன் தீர்க்க வழியின்றி வீழ்ந்தது. லண்டன் சந்தையில் ஈய வியாபாரமே நிறுத்தப்பட்டது. விலை சரிந்தது, சுரங்கங்கள் மூடின, ஈயக்கப்பல்கள் தாம் தோண்டிய குட்டையிலேயே நின்று துருப்பிடித்தன. ஈயத்தோடு வந்த கழிமணல் மட்டும் குவியல் குவியலாகக் கிடந்தது. அமாங் என்று இந்நாட்டார் அதை அழைப்பர். மேலே சொன்ன மோனசைட் அதற்குள் இருந்தது.

அம்மோனசைட்டிலிருந்து அரிய உலோகங்களைப் பிரித்தெடுக்க ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் ஏஷியன் ரேர் எர்த் என்னும் ஆலை 1982-இல் வேலை தொடங்கியது. வேண்டிய பொருளை எடுத்தபின் தோரியம் கழிவில் நின்றுவிடும். கழிவை எங்கே வைப்பது? மக்கள் கேட்டனர்; தெளிவான விடை கிடைக்கவில்லை. 1984 டிசம்பரில் ஜப்பானியப் பேராசிரியர் சடாவோ இச்சிக்காவா அங்கு வந்து கதிரை அளந்து, அளவு மிகுதி என்றார். 1985-இல் கிராமத்தார் வழக்குத் தொடுத்தனர். நம் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் அவர்கள் பக்கம் நின்றது. அவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞருள் மீனாட்சி இராமன் ஒருவர். துளைக்குள் இறக்கி ஈயத்தின் தோழனைத் தேடுதற்கு உதவும் அதே அளவைக் கலை, இங்கே வீட்டு வாசலிலும் வேலியோரத்திலும் கதிரைத் தேடிற்று. சுரங்க முதலாளியின் கையில் லாபக் கணக்காக இருக்கும் கலை, குடியானவன் கையில் சாட்சியமாயிற்று. படியாத மக்கள் கதிரைப் பற்றி என்ன அறிவார்கள் என்று கேட்டவர்களும் உண்டு. அவர்கள் அறிந்திருக்க வேண்டியதில்லை. அளக்கும்படி கேட்க அறிந்திருந்தார்கள். பாவாங்கைக் கேள்வி கேட்க அஞ்சிய காலத்திலிருந்து அது எவ்வளவு தூரம்!

1992 ஜூலையில் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை நிறுத்தும்படி தீர்ப்பளித்தது. 1993 டிசம்பரில் மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு மாற்றப்பட்டது. ஆயினும் 1994 ஜனவரியில் ஆலையை மூடுவதாகக் கம்பெனியாரே அறிவித்தனர். பின்னர்க் கழிவை வாரிச் சென்று கிளேடாங் மலைப்பகுதியில் புதைத்தனர். கிந்தாவின் ஈயத்தில் ஒரு பங்கு அம்மலைத்தொடரின் கருங்கல்லிலிருந்து அரித்து வந்ததே. மலையிலிருந்து இறங்கிய தோரியம் மலைக்கே திரும்பிப் போய்க் கிடக்கிறது. அதன் வீரியம் பாதியாகக் குறைதற்கு 1,400 கோடி ஆண்டு ஆகும் என்று கணக்கிட்டுள்ளனர்.